கையிருப்பைக் குறைத்த படகு: தூத்தூர் வட்டாரத்தில் ஓர் ஆழ்கடல் விசைப்படகின் டீசல் கணக்கு, 2022–2025

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படிக் கணக்கு எழுதிய ஒரு படகில் 2022-இல் நடந்ததையும், அதற்குப் பிறகு எடுத்த முடிவுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். பங்காளிகளின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், படகு, ஆட்கள் ஆகிய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். லிட்டர் கணக்குகள் அந்தப் படகின் டீசல் நோட்டிலிருந்தும் ரசீதுகளிலிருந்தும் எடுத்தவை.

பின்னணி

நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள தூத்தூர் வட்டார ஊர்களுக்கு ஆழ்கடல் தொழில்தான் அடையாளம். ஆயிரங்கால் தூண்டிலும் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கோத்த தூண்டில்கள்) வழிவலையும் ஏற்றிக்கொண்டு சுறா, கேரை (சூரை), மயில்மீன் தேடிப் போகிற படகுகள் இருபது, முப்பது நாள் கழித்தே கரை காணும். மீனைப் பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில் இறக்குவார்கள். சில நேரம் மங்களூரு வரை போவார்கள். எங்கள் தாத்தா காலத்தில் பாய்மரத்தில் ஓடிய தொழில் இது. 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கி, இயந்திரப் படகு இந்தக் கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் காற்றை நம்பிய தொழில் எண்ணெயை நம்புகிற தொழிலாக மாறியது. இன்று பத்து நாள் டீசல் கிடைக்காவிட்டால் இந்த ஊர்களில் அடுப்பு எரியாது.

நான் சொல்லும் படகு ஏறக்குறைய 60 அடி நீளம். மூன்று பேருக்குப் பங்கு, மூவரும் மச்சான் மைத்துனர் முறை. டிரைவரோடு சேர்த்துப் பதினொரு தொழிலாளிகள். டிரைவர் அறுபதை நெருங்கியவர், பங்காளிகளில் இளையவருக்குத் தாய்மாமன். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வீசியபோது இவர் வேறொரு படகில் கடலில் இருந்து திரும்பி வந்தவர். அவருடைய வீட்டில் திரும்பி வராதவரும் உண்டு.

கணக்கு எப்படி இருந்தது

ஒரு டிரிப்புக்கு 4,800 லிட்டர் டீசல் நிரப்புவார்கள். சராசரியாக 4,000 லிட்டர் செலவாகும். தொழில் நடக்கும் இடம் கரையிலிருந்து 400 கடல் மைல் அளவில். இன்ஜினை நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓட்டினால் படகு எட்டரை நாட் (மணிக்கு எட்டரை கடல் மைல்) வேகத்தில் போகும், மணிக்கு 22 லிட்டர் குடிக்கும். போக வர இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் இதிலேயே போய்விடும். மீதி, தூண்டில் விடுவதற்கும் இழுப்பதற்கும் மீன் இருக்கும் இடம் தேடி அலைவதற்கும். 800 லிட்டர் அப்படியே திரும்பி வரும். அதை யாரும் கணக்கில் பேசியதில்லை. அது டிரைவர் மாமாவின் வழக்கம், அவ்வளவுதான்.

ஏலத்தில் வந்த பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாடு, இரை ஆகிய செலவுகளைக் கழித்த பிறகுதான் படகுப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிப்பார்கள். ஆகவே டீசல் விலை ஏறினால் முதலாளி மட்டும் சுமப்பதில்லை, கடைசித் தொழிலாளியின் வீட்டுக்கும் அந்தச் சுமை போகிறது. இந்த ஒரு விஷயத்தை வெளியூரில் சொன்னால் பலரும் நம்புவதில்லை.

தமிழக அரசு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் டீசலை விற்பனை வரி விலக்கோடு கொடுத்துக்கொண்டிருந்தது. (2023 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் இதை 19,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள்.) நல்ல உதவிதான். ஆனால் ஆண்டுக்கு எட்டு டிரிப் போகும் படகு 32,000 லிட்டர் எரிக்கிறது. அதோடு மீன் இறக்குவது கொச்சியில் என்றால் டீசல் நிரப்புவதும் பெரும்பாலும் அங்கேதான். இந்தப் படகு வரிவிலக்கு டீசலில் பாதியைக்கூட எடுத்த ஆண்டு இல்லை. கொச்சியில் தரகர் பொறுப்பேற்க, டீசல் பங்க்கில் 4,50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். மீன் விற்றதும் கழித்துக்கொள்வார்கள்.

2022 மார்ச்: விலை ஏறுகிறது

பிப்ரவரி கடைசியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச் முதல் வாரத்திலேயே உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலரைத் தொட்டுவிட்டு இறங்கியது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததிலிருந்து, வெளியே ஏறுவது இங்கே பங்க் வரை வந்து சேர்ந்துவிடும். இருந்தாலும் தேர்தல் நேரத்தில் நான்கு மாதம் விலை அசையாமல் நின்றது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை இரண்டே வாரத்தில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. மொத்தமாக வாங்குவோருக்கு அதற்கு முன்பே ஒரே அடியாக 25 ரூபாய் அளவில் கூட்டியிருந்தார்கள். சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது. இந்தப் படகின் ரசீதில் 92 ரூபாய்க்கு அருகில் இருந்த லிட்டர் 102 ரூபாய் ஆனது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 92 ரூபாயில் 4,800 லிட்டர் 4,41,600 ரூபாய், கடன் வரம்புக்குள் அடங்கும். 102 ரூபாயில் அதே 4,800 லிட்டர் 4,89,600 ரூபாய். வரம்பு ஏறவில்லை. கையிலிருந்து 40,000 ரூபாய் போட வேண்டும்.

முதல் முடிவு: கையிருப்பைக் குறைப்பது

ஏப்ரல் இரண்டாம் வாரம் பங்காளிகள் மூவரும் கூடினார்கள். நானும் இருந்தேன். 4,800 நிரப்பி 4,000 செலவாகிறது என்றால் எதற்கு 800 லிட்டரைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 4,200 போதும் என்று முடிவானது. கடனும் வரம்புக்குள் நிற்கும், பாரமும் குறையும்.

"மாமா, லிட்டருக்குப் பத்து ரூவா ஏறிப்போச்சு. எண்ணூறு லிட்டர சும்மா கொண்டு போயி கொண்டு வாறோம்" என்றார் இளைய பங்காளி.

டிரைவர் உடனே பதில் சொல்லவில்லை. வலை முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "டேங்குக்கு அடியில கெடக்கது டீசல் இல்ல மக்கா, சகதி. அத கணக்குல சேக்காத" என்றார்.

அன்று நானும் பங்காளிகள் பக்கம்தான் பேசினேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தாளில் பார்த்தால் அந்த முடிவில் தப்பு தெரியவில்லை. பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் புரிந்தது: கையிருப்பாகக் கிடக்கும் டீசல் செலவான பணமல்ல, டேங்கில் கிடக்கும் பணம். குறைத்த 600 லிட்டரின் மதிப்பு 61,200 ரூபாய். அந்தப் பணத்தை மாதம் 2 வட்டிக்கு வெளியே வாங்கியிருந்தால்கூட ஒரு டிரிப்புக்கு வட்டி 1,224 ரூபாய். நாங்கள் மிச்சம் பிடித்தது அந்த 1,224 ரூபாய்தான்.

மே மாத டிரிப்

ஏப்ரல் டிரிப் குறையில்லாமல் முடிந்தது. கரைக்கு வரும்போது டேங்கில் 200 லிட்டர் மிச்சம் இருந்தது. அதைக் காட்டி எல்லோரும் தைரியம் கொண்டோம்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்கு முந்தைய கடைசி டிரிப் என்பதால் ஒவ்வொரு படகும் கொஞ்சம் கூடுதல் நாள் கடலில் நிற்கப் பார்க்கும். இந்தப் படகும் லட்சத்தீவின் மினிக்காய்க்குத் தென்மேற்கே, வழக்கத்தைவிட 30 கடல் மைல் தள்ளிப் போனது. கேரை நன்றாகக் கிடைத்ததால் இரண்டு நாள் அதிகம் நின்றார்கள்.

திரும்பும் முன் டேங்கை அளந்தார்கள். அளவு கோல் என்பது ஒரு இரும்புக் கம்பி. நூறு லிட்டருக்கு ஒன்று வீதம் ரம்பத்தால் கீறிய கோடுகள் அதில் உண்டு. கம்பியை டேங்கில் இறக்கி எடுத்து, டீசல் நனைந்த இடத்தைப் பார்ப்பார்கள். துறைமுகத்தில் அது சரியாகக் காட்டும். அன்று கடலில் உருளல். நனைந்த கோடு 1,400 காட்டியது. டேங்கில் உண்மையில் இருந்தது 1,100-க்குள்தான் என்பது, பின்னால் ரசீதையும் ஓடிய மணிக்கணக்கையும் ஒப்பிட்டபோது தெரிந்தது.

வருகிற வழியில் வடமேற்குக் காற்று பிடித்தது. நீரோட்டம் தெற்கே இழுத்தது. அதே 1,800 சுற்றில் படகு ஆறரை நாட்டுக்கு மேல் போகவில்லை. வேகம் குறைந்தாலும் மணிக்கு 22 லிட்டர் குறையவில்லை. இரண்டாம் நாள் டிரைவர் சந்தேகப்பட்டு இன்ஜினைத் தணித்து ஓட்டினார். அப்படி ஓட்டியதால்தான் அவ்வளவு தூரமாவது வர முடிந்தது. கொச்சிக்கு மேற்கே 70 கடல் மைலில், விடிவதற்கு முன் இன்ஜின் திணறி நின்றது.

பில்டரைக் கழற்றிய பையன் எனக்குப் பிறகு செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினான். கிண்ணத்தின் அடியில் காபிப் பொடி கரைந்தது போல் கறுத்த சகதி, அதன் மேல் கண்ணாடி மணி போலத் தனித்தனியாக நீர்த் துளிகள். டேங்க் நிறைய டீசல் இருக்கும்வரை அடியில் படிந்தது அடியிலேயே கிடக்கும். கடைசிச் சில அங்குலத்துக்கு வரும்போது, படகு உருள உருள அது கலங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும். பில்டரைத் துடைத்து மாட்டினாலும் லைனில் காற்று ஏறியிருந்தது. காற்றெடுக்க டீசலும் போதவில்லை. டிரைவர் ஏப்ரலில் சொன்ன சகதி அதுதான்.

வயர்லெஸில் கூப்பிட்டார்கள். சொந்த ஊர்ப் படகு ஒன்று 25 கடல் மைலுக்குள் இருந்தது. தூண்டிலை இழுத்து முடித்து அது வந்து சேரப் பதினொரு மணி நேரம். கேன்களில் 350 லிட்டர் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்ததும் தங்கள் கையிருப்பிலிருந்துதான். யாருக்கும் ஆபத்தில்லை. காற்று வலுக்காததால் தப்பினார்கள் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

கரைக்கு வரும்போது ஐஸ் கரைந்திருந்தது. முதல் வாரத்தில் பிடித்த கேரை தளர்ந்துபோனதால் ஏற்றுமதி வாங்குபவர்கள் கையை விரித்தார்கள், உள்ளூர் விலைக்குத்தான் போனது. அதற்கு முந்தைய டிரிப்பின் கிலோ விலையோடு ஒப்பிட்டால் நஷ்டம் 3 லட்சத்துக்கு மேல். தடைக்கு முன் கடைசிப் பங்கு என்று வீடுகள் எதிர்பார்த்திருந்த பணம் அது. மே 21 அன்று மத்திய அரசு டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரியைக் குறைத்தது. படகு அப்போது கரையில் கட்டிக் கிடந்தது.

தடைக்காலம்: ஜூன், ஜூலை 2022

அந்த இரண்டு மாதம் பேச நேரம் இருந்தது. சிலிண்டர் விலை ஜூலையில் சென்னையில் 1,068 ரூபாயைத் தாண்டியது, இங்கும் ஆயிரத்துக்கு மேல்தான். படகில் டீசல், வீட்டில் கேஸ் என்று இரு பக்கமும் நெருக்கியது. அதே வாரங்களில் எதிர்க்கரையான இலங்கையில் என்ன நடந்தது என்பதை ஊரில் எல்லோரும் செல்போனில் பார்த்தார்கள். எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் பெட்ரோல் பங்க்குகளின் முன் நாள்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர் அட்டைப் பங்கீடு வந்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 இலங்கை ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளை நம்பிய மீனவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். வங்கதேசமும் அந்த ஜூலையில் உடனடிச் சந்தையில் (நீண்டகால ஒப்பந்தமின்றி அன்றைய விலைக்கு) இயற்கை எரிவாயு வாங்குவதை நிறுத்தியது, ஊர் ஊராக மின்வெட்டு. ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களை இழுத்துக்கொண்டபோது, பணமில்லாத நாடுகளுக்கு எரிவாயு கிடைக்காமல் போனது.

இந்தியாவுக்கு அந்த நிலை வரவில்லை. அந்நியச் செலாவணி இருந்தது. போருக்கு முன் நம் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடியில் வாங்கத் தொடங்கி, 2023-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோனது. இதோடு நாட்டுக்கும் ஒரு கையிருப்பு உண்டு: விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் நிலத்தடிப் பாறைக் குகைகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய்க்கு இடம். முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாளைக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் தொட்டிகளில் இருப்பதையும் சேர்த்து 74 நாள் என்று அரசு சொல்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் முழு உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்கு ஈடாக வைத்திருக்க வேண்டும். இந்தியா 2017 முதல் அதில் இணை உறுப்பு நாடு.

எங்கள் படகுகள் மீன் இறக்கும் மங்களூருவிலேயே அந்தக் குகைகளில் ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது, டிரைவர் மாமா கேட்ட கேள்வி: "அதுலயும் அடியில சகதி உண்டா?" வேடிக்கையாகக் கேட்கவில்லை. சேமிப்பில் எவ்வளவு உண்மையில் பயன்படும் என்பதுதான் அவருடைய அக்கறை.

இரண்டாம் முடிவு

ஜூலை கடைசியில் நான்கு விஷயங்களில் முடிவானது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் வேகம். புரொப்பல்லர் கேட்கும் சக்தி, அதன் சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 1,800 சுற்றை 1,500 ஆக்கினால் சுற்று ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது, டீசலோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் குறைகிறது. மணிக்கு 22 லிட்டர் 13 ஆகும். வேகம் எட்டரையிலிருந்து ஏழே கால் நாட்டுக்கு வரும். 400 கடல் மைல் போக எட்டு மணி நேரம் கூடும். வெறும் படகாகப் போகும்போது எட்டு மணி நேரத்தால் கெடுவது ஒன்றுமில்லை. ஆகவே போகும்போது 1,500, மீனோடு திரும்பும்போது 1,600 என்று வைத்தார்கள். இதற்கு டிரைவரைச் சம்மதிக்க வைப்பதுதான் சிரமமாக இருந்தது. முதல் ஆளாகத் துறைக்குள் நுழைந்தால் ஏலத்தில் விலை நிற்கும் என்பது அவர் அனுபவம், அதில் உண்மையும் இருக்கிறது. அதனால் திரும்பும் வேகத்தில் கடைசி முடிவு அவருடையது என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்து படகின் அடிப்பாகம். கரையேற்றிப் பார்த்தபோது பாசியும் சிப்பியும் கைவிரல் தடிமனுக்குப் பிடித்திருந்தன. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். புரொப்பல்லரின் ஒரு இதழில் இருந்த வளைவை நிமிர்த்தினார்கள். இன்ஜெக்டர்களைச் சோதித்து இரண்டை மாற்றினார்கள். டேங்கை முழுக்கக் காலி செய்து கழுவினார்கள். உள்ளே இறங்கியவர்கள் மூன்று வாளி சகதி அள்ளினார்கள்.

மூன்றாவது கையிருப்பு. 4,800 என்ற பழைய அளவுக்கே திரும்பினார்கள், ஆனால் முறை மாறியது. டேங்கில் 400 லிட்டர் மிச்சம் இருக்கும்படி நிரப்புவது, மேலும் 400 லிட்டரை நூறு நூறாகத் தனி டிரம்களில் மூடி முத்திரை வைப்பது. டிரம் டீசல் சுத்தமாக இருக்கும், உருளலில் கலங்காது, அளவிலும் ஏமாற்றாது. அதோடு ஒரே பகுதியில் தொழில் செய்யும் நான்கு படகுகள் சேர்ந்து ஒரு உடன்பாடு செய்தன: மாலையில் வயர்லெஸில் இருக்கும் இடத்தைச் சொல்வது, ஒருவருக்கு டீசல் தட்டுப்பட்டால் அருகில் இருப்பவர் தன் டிரம்மின் முத்திரையை உடைத்துக் கொடுப்பது, கரை வந்த வாரத்திலேயே திருப்பி ஊற்றுவது. மே மாதம் உதவிய படகுக்காரர்தான் இதை முன்மொழிந்தார்.

நான்காவது டீசல் நிதி. ஒவ்வொரு டிரிப்பிலும் பங்கு பிரிக்கும் முன் 10,000 ரூபாய் தனியே எடுத்து வைத்தால், விலை ஏறும்போது கடன் வரம்புக்கு மேல் தேவைப்படும் பணம் கையில் இருக்கும். இதில் தொழிலாளிகள் எதிர்ப்புச் சொன்னார்கள். எங்கள் பங்கில் பிடித்த பணத்தில் படகுக்காரன் டீசல் வாங்கி வைப்பதா, நாளைக்கு நான் வேறு படகுக்குப் போனால் அந்தப் பணம் யாருக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பங்காளி ஒருவரும் தொழிலாளி ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கணக்கில் வைப்பது, விலகுபவருக்கு அவர் பங்கைக் கொடுத்துவிடுவது என்று எழுதிக்கொண்ட பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

விளைவு

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நான்கு டிரிப். ஒரு டிரிப்புக்குச் சராசரிச் செலவு 4,000 லிட்டரிலிருந்து 3,350 ஆக இறங்கியது. அதில் 550 லிட்டர் வேகத்தைக் குறைத்ததால் வந்தது, மீதி அடிப்பாகமும் இன்ஜெக்டரும் கொடுத்தது. அன்றைய விலையில் டிரிப்புக்கு 60,000 ரூபாய்க்கு மேல். போக எட்டு, வர ஐந்து என்று கூடிய பதின்மூன்று மணி நேரத்துக்காகக் கொஞ்சம் ஐஸ் அதிகம் ஏற்றினார்கள். மீன் தரத்தில் புகார் வரவில்லை. அக்டோபரில் உடன்பாட்டுப் படகு ஒன்றின் டீசல் டேங்க் கசிந்தபோது இந்தப் படகின் டிரம்கள் முதன்முறையாகத் திறந்தன. நான்காம் நாள் திருப்பி ஊற்றினார்கள்.

2023 ஜனவரியில் நோட்டு வேறு மாதிரி பேசத் தொடங்கியது. டிரிப்புக்கு 3,500, பிறகு 3,700, மார்ச்சில் 3,850. ஏதோ பழுது என்று நினைத்து நான் ரசீதுகளைத் தேடினேன். பழுதே இல்லை. மிச்சமான டீசலை வைத்துக்கொண்டு 400 கடல் மைலுக்குப் பதில் 500 போகத் தொடங்கியிருந்தார்கள். மெதுவாகத்தான் போனார்கள், ஆனால் தூரமாகப் போனார்கள். கரைக்கு அருகே மீன் குறைந்துவிட்டது, தூரப் போனால் கிடைக்கிறது. ஆளுக்கு வந்த பங்கு கூடியதும் உண்மை. ஒரு வீட்டில் பெண் நர்ஸிங் சேர்ந்தாள்.

இதை நான் தோல்வி என்று எழுத மாட்டேன். ஆனால் டீசல் தேவை குறையவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். வளரும் நாடுகளில் எண்ணெய்த் தேவை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பக்கத்தைக் காட்டலாம். சர்வதேச எரிசக்தி முகமை 2024 பிப்ரவரியில் வெளியிட்ட கணிப்புப்படி, இந்தியாவின் தேவை 2023-இல் நாளொன்றுக்கு 54.8 லட்சம் பீப்பாய், 2030-இல் 66.4 லட்சம். உலகிலேயே மிக அதிகம் கூடுவது இங்கே, அந்த ஏற்றத்திலும் முதலிடம் டீசலுக்கு. அந்த லட்சக்கணக்கான பீப்பாய்களில் பெரும்பங்கு ஆடம்பரம் அல்ல. லாரியும் டிராக்டரும் படகும் சம்பாதிக்கப் போகிற தூரம் அது. சிக்கனத்தால் மட்டும் அதைக் குறைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் மீன் எங்கே போனது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2025-இன் தொடக்கத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட அனுமதி கொடுத்த செய்தி வந்தது. மாவட்டம் முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். வெட்ஜ் பேங்க் அருகேயுள்ள கடல் அது. இலங்கையோடு செய்த 1976 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உரிமையான, மீன்வளம் நிறைந்த கடற்பகுதிதான் வெட்ஜ் பேங்க். ஆண்டுக்கு முப்பதாயிரம் லிட்டர் டீசல் எரிக்கிற நாம் எப்படி எதிர்ப்பது என்று இந்தப் படகின் தொழிலாளி ஒருவர் ஊர்க் கூட்டத்தில் கேட்டார். என் பதிலை அங்கே சொன்னேன், இங்கும் எழுதுகிறேன். நம் கடலுக்கடியில் எண்ணெய் எடுத்தாலும் நமக்குக் கிடைக்கும் டீசலின் விலை உலகச் சந்தையை ஒட்டித்தான் இருக்கும். மீன் பெருகும் இடத்தை இழந்தால், இன்னும் தூரம் போக இன்னும் டீசல் வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அளவு கோலை நம்பியதுதான் பெரிய தவறு. டிரைவர் இருக்கும் அறையிலேயே தெரியும்படி டேங்கோடு இணைத்த ஒரு கண்ணாடிக் குழாய் முன்பே வைத்திருக்க வேண்டும். 2023-இல்தான் வைத்தார்கள், செலவு சில ஆயிரம். ஓடிய மணி நேரத்தையும் சுற்றையும் நோட்டில் எழுதி, அதைக் கொண்டு மிச்சத்தைக் கணக்கிட்டுக் குழாயோடு ஒப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டும் 100 லிட்டருக்கு மேல் வேறுபட்டால் குறைந்த அளவைத்தான் நம்புகிறார்கள்.

டீசல் நிதி 2023 தடைக்காலத்தில் காலியானது. ஒரு தொழிலாளியின் மனைவிக்கு ஆபரேஷன், அடுத்தவருக்கு வீட்டுச் சுவர். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தடைக்கால நிவாரணம் போதாத வீடுகளில் எந்தச் சேமிப்பும் முதலில் அதற்குத்தான் போகும். ஆகவே அவசரத்துக்கென்று ஒரு சிறு நிதியை வேறாக வைக்காமல் டீசல் நிதி தொடங்கியதே எங்கள் பிழை. 2024-இல் இரண்டாகப் பிரித்து மறுபடி தொடங்கினோம்.

வரிவிலக்கு டீசலை இன்னும் முழுக்க எடுக்க முடியவில்லை. புறப்படும்போது தேங்காப்பட்டணம் பக்கம் வந்து நிரப்பலாம். ஆனால் துறைமுக வாயில் மணல் மேட்டில் பாரம் ஏற்றிய படகைக் கொண்டுவர டிரைவர்கள் தயங்குகிறார்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. முகத்துவாரம் ஆழமாகும்வரை அந்த ஒதுக்கீடு தாளில்தான் இருக்கும்.

டிரம்களில் வைக்கும் டீசலை 400 லிட்டரிலிருந்து 500 ஆக்க வேண்டும் என்று 2025 தடைக்காலத்தில் பேச்சு வந்தது, இப்போது தூரம் கூடிவிட்டதே என்பது காரணம். டிரைவர் மாமா அந்த ஆண்டோடு கடலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஆகஸ்டில் படகு புறப்பட்ட அன்று துறைக்கு வந்து, டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தானே திறந்து ஒரு தம்ளர் பிடித்தார். வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று தலையசைத்து, டீசலை மறுபடி டேங்கிலேயே ஊற்றினார். ஐந்து டிரம் ஏறியிருந்தது.